கடலுக்கும் காது உண்டு!

மலையடிவாரத்திலே இருந்துகொண்டு கடலுக்காகக் கவலைப்படுகிறீர்களே, கம்பம் பள்ளத்தாக்குக்கும் அலைகடலுக்கும் என்ன உறவு என்று கேலி பேசுவோர் உண்டு. உறவு இருக்கிறது! வருசநாட்டு மலையிலே பிறந்து, தேனிச் சீமையைத் தழுவி, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவை நாடிச் செல்லும் வையைதான் அந்த உறவு.

இன்னோர் உறவும் உண்டு. பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 சனவரியில் டில்லி அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். பாறையைப் பிளக்க வெடி. வெடியின் அதிர்ச்சி எதுவரை போகும், அணைகள் என்னாகும், காட்டுயிர்கள் எங்கே போகும் என்று இப்பகுதி மக்கள் கேட்டனர். புலிகள் நடமாடும் வழித்தடத்தைக் காட்டி, அனுமதிக்க இயலாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலைக்காகக் கேட்ட அந்தக் கேள்வியைக் கடலுக்காகவும் கேட்டாக வேண்டும் என்கிறோம் நாம்.

படகுத்துறை கட்டினாலும், துறைமுகம் கட்டினாலும், பாலம் கட்டினாலும், கடலடித் தரையிலே தூண் ஊன்றியாக வேண்டும். ‘பைல்’ என்று தொழிலாளர் சொல்லும் அந்த எஃகுத் தூணை இராட்சதச் சம்மட்டி அறைகிறது. ஓரடி, ஈரடி அல்ல, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்! கரையிலே நிற்பவன் காதைப் பொத்திக்கொள்வான், விலகியும் போவான். நீருக்குள் இருக்கும் உயிர் எதைக் கொண்டு பொத்தும்? காற்றிலே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரிலே 1,500 மீட்டர் பாய்கிறது. நெடுந்தொலைவும் போகிறது.

பல மீன்களின் உடலுக்குள் காற்றுப்பை உண்டு. அடி விழும்போது அழுத்தம் மாற, பை சுருங்கி விரிந்து உள்ளுறுப்பைக் கிழிக்கிறது. கற்பனையல்ல! 2000-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவிலே புதிய பாலத்துக்காகச் சோதனைத் தூண்களை அறைந்தபோது மீன்கள் மாண்டன.

நம் பாக் விரிகுடாவிலோ, மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு கடற்புல் மேய்கிறது. ஒலி எழுப்பித் தன் இனத்தோடு உறவாடுகிறது. அதற்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பாராட்டுகிறோம்! ஆனால், வரைபடத்திலே இழுத்த எல்லைக் கோட்டைக் கண்டு ஓசை நின்றுவிடுமா?

சட்டம் இல்லையா என்பீர். இருக்கிறது, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்! ஆனால் அவை காற்றிலே எழும் ஓசைக்கே அளவு வகுக்கின்றன. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கு அளவு உண்டு. நீருக்குள் விழும் சம்மட்டி அடிக்கு அதிலே அளவு இல்லை. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கடலிலே காற்றாலைத் தூண் அறைவோர், 750 மீட்டர் தொலைவில் ஓரடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீருக்குள் அளக்கும் டெசிபல் வேறு கணக்கு. தெரு ஓசையின் எண்ணோடு அதை ஒப்பிடலாகாது.

வழி என்ன? வழி பல உண்டு. தரை இடம் கொடுத்தால் அறைவதை விட்டு, துளையிட்டுக் கான்கிரீட் வார்க்கலாம். அறைந்தே தீரவேண்டுமென்றால், தூணைச் சுற்றித் துளைக்குழாயைக் கிடத்திக் காற்றை அடைத்து அனுப்பினால், எழும் குமிழிகள் திரையாகி ஓசையைச் சிதறடிக்கும். நீரோட்டம் கடுமையான இடத்தில் அத்திரை கலையும். அங்கே வேறு தடுப்பு வேண்டும். பிரிட்டனில் 2010-இல் வகுத்த நெறி ஒன்று உண்டு. அறையத் தொடங்குமுன் 30 நிமிடம், 500 மீட்டர் சுற்றிலும் கடல் பாலூட்டிகள் உண்டா என்று காவலர் பார்க்க வேண்டும். பிறகும், 20 நிமிடமாவது மெல்லத் தட்டித்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். விலகிச் செல்ல உயிர்களுக்கு அது அவகாசம்.

“செலவு கூடுமே, வேலை தாமதமாகுமே, வளர்ச்சிக்குப் பகைவர்களா நீங்கள்?” என்று ஒப்பந்தக்காரர் சீறலாம். வளர்ச்சிக்குப் பகைவரல்லர் நாம்! முல்லைப் பெரியாறு அணை எழுந்தது 1895-இல். பாறையை வெடிவைத்துக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் வயலை நனைத்தது, வயிற்றை நிறைத்தது. சுரங்கத்தின் சோற்றைத் தின்றுவிட்டுக் கட்டுமானமே கூடாது என்போமா? மீனவனுக்குத் துறைமுகம் வேண்டும். படகுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால், துறைமுகம் கட்டி மீனை விரட்டினால், வலையை எங்கே வீசுவான் அவன்? வீடு கட்டிக் கொடுத்து, விளைநிலத்தைப் பறிப்பதா?

ஆகவே கேட்கிறோம். நீருக்குள் எழும் ஓசைக்கு அளவு வகுத்துச் சட்டமாக்குங்கள். ஒப்பந்தப் புள்ளியிலேயே ஓசைத் தடுப்புச் செலவையும் சேருங்கள். கடலுக்குள் ஒலியளக்கும் ஹைட்ரோபோனை இறக்கி, அளந்த கணக்கை அந்தக் கரையின் மீனவர் பார்க்கும்படி ஒட்டுங்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் சம்மட்டியை நிறுத்தி வையுங்கள்.

மலைக்காக வாய் திறந்த மக்கள் நாம். வையை போய்ச் சேரும் கடலுக்காக வாய் மூடிக் கிடக்கலாமா? கடலுக்குக் காது உண்டு, வாய்தான் இல்லை. அந்த வாயாக நாம் இருப்போம்!