அரைப் பேர்

நமுனுகுல மலைச்சரிவில் அந்தி சாயும்போது பனி இறங்கத் தொடங்கிவிடும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். இடுப்பில் நனைந்த படங்கு, தலையில் கூடைக்கயிறு அழுத்திய தடம். தராசில் கொழுந்து ஏறும். கணக்கப்பிள்ளை கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு கிலோவைச் சொல்வார். தோட்டம் வைத்த அளவு நிறைந்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர்.

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயருக்கு நேரே அந்த நாள் விழுந்தால்தான் கூலி. "இந்த மாசம் எத்தனை பேரு விழுந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டால், எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியது என்று பொருள். வேறிடத்துத் தமிழர் ‘பேர் வாங்கினான்’ என்றால் புகழைச் சொல்வார்கள். இங்கே காலையிலிருந்து மலையில் நின்றவள், "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டு லயத்து வீட்டுக்கு இறங்குகிறாள். கேட்கும்போதெல்லாம் என்னை உலுக்கும் சொல் இது.

பெயர் என்பது நமக்குள்ளே இருந்து வருவதில்லை. நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் அதற்கு ‘நான்’ தெரியாது. தன்னை அழைக்கும் குரல்கள் தெரியும். பிறர் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒருவர் இன்னார் ஆகிறார். அப்படியானால் எந்தக் குரலில் கூப்பிடுகிறார்கள் என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

நீ, நீங்க என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றால் நெருக்கம். இருவரும் ‘நீங்க’ என்றால் மரியாதை கலந்த தூரம். ஒருவர் ‘நீ’ என்று சொல்லி ‘நீங்க’ என்று வாங்கிக்கொண்டால் அது அதிகாரம். ஐரோப்பிய மொழிகளை வைத்து ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960இல் இதை எழுதினார்கள். பிறகு பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பணிவுக் கோட்பாட்டைக் கட்டியபோது, அதன் மூன்று தூண்களில் ஒன்று தமிழ். லெவின்சன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கி, யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்று கேட்டுச் சேர்த்த பேச்சு அது. உலகம் முழுவதும் மொழியியல் வகுப்புகளில் பாடமாகும் கோட்பாட்டில் நம் ஊர்த் திண்ணைப் பேச்சும் இருக்கிறது என்பது எனக்குப் பெருமைதான்.

தோட்டத்தில் அந்த ‘நீ’ புத்தகமாகவே அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஒரு கையேடு வந்தது. அதன் பெயர் ‘இங்கே வா’. இலக்கணத்தில் முன்னிலை ஒருமை ஏவல். ஒரு மொழிக்குள் நுழைபவனுக்கு முதல் வாசலே கட்டளை! பின்னர் வெல்ஸ் என்பவர் எழுதிய கையேட்டின் தலைப்பு ‘கூலித் தமிழ்’. பதுளையைச் சேர்ந்த ஆய்வாளர் மு. நித்தியானந்தன் அதே சொல்லைத் தலைப்பாக்கி 2014இல் ஒரு நூல் வெளியிட்டார்; இந்தக் கையேடுகளை அவர் அதில் விரித்துப் பேசுகிறார்.

துரைமார் கூலித்தமிழ் என்று எண்ணிய அந்தப் பேச்சு உண்மையில் எப்படி உருவானது என்பது மொழியியலின் அழகான கதைகளில் ஒன்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் என்று தமிழ்நாட்டின் பல சீமைகளிலிருந்து இந்தத் தோட்டங்களுக்குச் சனம் வந்தது. கங்காணிமார் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் ஆள் கட்டியதால், தொடக்கத்தில் அந்தந்த ஊர்ப் பேச்சு லயத்துக்குள்ளும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் லயத்தின் அறைகளான காம்பராக்களில், காம்பராவுக்குக் காம்பரா ஒரே சுவர். பிள்ளைகள் ஒரே தண்ணீர்ப் பீலியில் குளித்து, ஒரே வாசலில் விளையாடினார்கள்.

பல வட்டார வழக்குகள் ஓரிடத்தில் மோதும்போது என்ன நடக்கும் என்று பீட்டர் ட்ரட்கில் ஆராய்ந்திருக்கிறார். வந்த தலைமுறை தன் பேச்சை விடாது. அதன் பிள்ளைகள் கலந்துகட்டிப் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு புதிய பொதுவழக்கு படிந்துவிடும். பீஜித் தீவின் இந்தி அப்படிப் பிறந்ததுதான். இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழும் அந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன்.

சொற்களே சாட்சி. அப்பாவின் அம்மா யாழ்ப்பாணத்தில் அப்பம்மா. தோட்டத்தில் அப்பாயி, அப்படியே காவிரிக்கரைச் சொல். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு, ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல். காம்பராவும், ரொட்டியைக் குறிக்கும் பாணும் போர்த்துக்கேயம். தேயிலை பயிரான நிலத்துண்டுக்கு ‘மலை’ என்றே பெயர், அதற்கு ஒரு நம்பரும் உண்டு: பத்தாம் நம்பர் மலை. இதைக் கொச்சை என்பவர்கள், ஒரு மொழி பிறப்பதைக் காதால் கேட்டும் அடையாளம் காணாதவர்கள்.

பேச்சு ஒரு பெயரைத் தர, அரசு வேறு பெயர்களைத் தந்தது. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாக இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1971இல் இந்தியத் தமிழர் 11,74,606 பேர் என்று எண்ணப்பட்டார்கள், 1981இல் 8,18,656. கப்பலேறியவர்கள் போக, கணக்கெடுப்பவரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்களும் அந்தக் குறைவில் இருக்கிறார்கள்.

கப்பலேறியவர்களுக்கு அக்கரையில் காத்திருந்தது இன்னொரு பெயர். பதுளையில் ‘இந்தியத் தமிழர்’ என்று ஒதுக்கப்பட்டவர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ‘சிலோன்காரர்’ ஆனார். கடையில் போய் ‘பாண் இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், யார் என்று தெரிந்துவிடும். காகிதத்தில் தாய்நாடு திரும்பியவரை நாக்கு அயலார் ஆக்கிவிட்டது.

நாக்குக்கு வளையவும் தெரியும். பதுளை – பசறை பேருந்தில், கொழும்பில் கடையில் நிற்கும் பையன் ஒருவன் விடுமுறைக்கு வருகிறான் என்று வையுங்கள். ‘மல்லி’ (தம்பி) என்று கூப்பிடும் நடத்துநரிடம் சிங்களத்தில் டிக்கெட் வாங்குவான். கொழும்பு நண்பன் அழைத்தால் ‘பிறகு கதைக்கிறேன்’ என்பான். அடுத்த அழைப்பிலேயே ‘அப்பாயி, வந்துகிட்டு இருக்கேன்’ என்று குரல் குழையும். எதிரில் இருப்பவரை நோக்கிப் பேச்சை நகர்த்துவதும், விலக வேண்டுமென்றால் அகற்றுவதும் மனித இயல்பு என்று 1970களிலிருந்து ஹோவர்ட் கைல்ஸ் விளக்கிவந்தார். அவன் மூன்று வேடம் போடவில்லை. மூன்று பேருக்கும் அவரவருக்கு உரிய உறவைத் தருகிறான்.

இந்தியத் தமிழர், தோட்டத்தொழிலாளர் என்று பிறர் வைத்த பெயர்களுக்கு நடுவே, இம்மக்கள் தாமே தேர்ந்துகொண்ட பெயர் ‘மலையகத் தமிழர்’. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, மூதாதையர் வந்த வழியிலேயே இருநூறாண்டு நினைவாக நடந்தவர்கள் ‘மலையகம் 200’ என்று அந்தப் பெயரைத்தான் உயர்த்திப் பிடித்தார்கள்.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஓர் எழுத்தாளர் தனக்கொரு பெயர் தேடினார். ஜோசப் என்ற பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது தமிழ் மரபு. தோட்டத்துச் சனத்தின் ஊர் எது என்று நாடுகளே வழக்காடிய காலம் அது. அவர் தான் வேலைபார்த்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். 2022இல் அவர் மறைந்தார். இன்றைக்கும் அவரைச் சொல்கிறவர்கள் எல்லாம் முதலில் அந்தத் தோட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டியிருக்கிறது: தெளிவத்தை ஜோசப்.