சோதனைத் தட்டில் விட்டுப்போன பொருள் யார் கையில் இருக்கும்?

திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஏறத்தாழ 180 கி.மீ. கடந்து சென்னை மீனம்பாக்கத்துக்கோ, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக 200 கி.மீ.க்கும் மேல் சென்று பெங்களூருவை அடுத்த தேவனஹள்ளிக்கோ போய்த்தான் இப்பகுதி மக்கள் பெரும்பாலும் விமானம் ஏறுகின்றனர். ரமணாசிரமத்தில் சில வாரங்கள் தங்கிவிட்டு நாடு திரும்பும் வெளிநாட்டவர், கார்த்திகை தீபம் கண்டுவிட்டுப் புறப்படும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர், ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் ஆகிய பலருக்கும் இதுவே வழி. நள்ளிரவில் காரேறி, தூக்கம் கெட்ட கண்களோடு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் இவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தையோ கைப்பேசியையோ பணப்பையையோ தட்டிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டால், அது நினைவுக்கு வரும் நேரத்தில் அவருக்கும் பொருளுக்கும் இடையே பல மாவட்டங்களோ ஒரு கடலோ குறுக்கே வந்திருக்கும். இனி அது கிடைக்காது என்று பலர் அப்போதே கைவிட்டுவிடுகின்றனர். ஆனால் விமான நிலையத்தைப் போல எந்நேரமும் கண்காணிக்கப்படும் இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. அங்கே விட்டுப்போன பொருள் பெரும்பாலும் யாரோ ஓர் அலுவலரின் பொறுப்பில், ஒரு பதிவேட்டின் வரியாக, உரியவர் கேட்டு வருவதற்காகக் காத்திருக்கிறது. அந்த அலுவலர் யார் என்பது தெரியாததால்தான் பல பொருள்கள் உரியவரிடம் திரும்புவதில்லை.

மறதி ஏன் குறிப்பாக இந்த இடத்தில் நேர்கிறது என்பதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் உண்டு. ஒரு வேலையின் முதன்மையான நோக்கம் நிறைவேறியதும், அதற்குப் பின் செய்யவேண்டிய சிறு செயலை மனம் நழுவவிடுவதை 'நிறைவுக்குப் பிந்தைய பிழை' என்று ஆய்வாளர் அழைக்கின்றனர். ஏ.டி.எம். எந்திரத்தில் பணம் கைக்கு வந்தவுடன் அட்டையை மறந்துவிட்டுச் செல்வது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அட்டையை எடுத்த பிறகே பணம் வரும்படி எந்திரங்கள் பல மாற்றியமைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். சோதனையைக் கடப்பதே பயணியின் நோக்கம் என்பதால், காவலர் கையசைத்து அனுப்பிய கணத்தில் அது நிறைவேறிவிடுகிறது. தட்டிலிருந்து பொருள்களைத் திரும்ப எடுப்பது அதற்குப் பின் எஞ்சும் வேலையாகிவிடுகிறது.

சோதனை நடக்கும் முறையும் இம்மறதிக்குத் துணைசெய்கிறது. நாள் முழுதும் உடலோடு ஒட்டியிருக்கும் இடுப்பு வார், கடிகாரம், வெள்ளிப்பூண் கட்டிய உருத்திராட்ச மாலை, செப்புக் காப்பு, சாவிக்கொத்து ஆகியவை ஒரே நேரத்தில் கழற்றப்பட்டு, ஆழமில்லாத தட்டில் வைக்கப்பட்டு, ஊடுகதிர் எந்திரத்துக்குள், அதாவது எக்ஸ்ரே பெட்டிக்குள், செல்கின்றன. பெண்கள் திரை மறைத்த தனிக் கூண்டுக்குள் சோதிக்கப்படுவதால் அந்நேரத்தில் தம் தட்டைப் பார்க்க இயலாது. கிரிவலம் முடித்தவர் பையில் திருநீற்றுப் பொட்டலம் பெரிதாக இருந்தால் பை தனியே இழுத்து வைக்கப்பட்டுத் திறந்து பார்க்கப்படலாம். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட தூள்களுக்குக் கூடுதல் சோதனை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. பையைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவரின் கவனத்திலிருந்து தட்டு விலகிவிடுகிறது. குடும்பமாகச் செல்வோரிடையே, அப்பா எடுத்திருப்பார் என்று மகனும் மகன் எடுத்திருப்பான் என்று அப்பாவும் எண்ணிக்கொள்வதுண்டு. பணியாளர் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரிசையின் தொடக்கத்துக்கு எடுத்துச் செல்லும்போது, மெல்லிய சங்கிலியோ மோதிரமோ அடித்தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு, வேறொரு பயணியின் கைக்குப் போய்ச் சேர்வதும் நடக்கக்கூடியதே. கைப்பையில் கட்டிய சீட்டில் முத்திரை குத்தி வாங்கும் வழக்கம் முன்பு இந்திய விமான நிலையங்களில் இருந்தது. 2017 முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. வரிசை விரைவாக நகர அது உதவியது உண்மைதான் என்றாலும், முத்திரைக்காக நின்று தம் உடைமையை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் கட்டாயமும் அதோடு போயிற்று.

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை விமான நிலையத்தில் உடனே அகற்றுவதன் காரணத்தை மீனம்பாக்கத்தின் வரலாறே சொல்கிறது. 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு, கொழும்பு விமானத்துக்கெனப் பதிவு செய்யப்பட்டு, உரியவர் விமானம் ஏறாததால் நிலையத்திலேயே தங்கிவிட்ட பெட்டிகளிலிருந்த குண்டு வெடித்து, 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையர். அடுத்த ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் சிதறி 329 பேர் மாண்ட பின், விமானப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் மத்தியப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, அதுவரை மாநிலக் காவல்துறையிடம் இருந்த விமான நிலையக் காவல், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. சி.ஐ.எஸ்.எஃப். என்று மக்கள் அறிந்திருக்கும் இப்படைக்கு, தட்டில் விட்டுப்போன பை முதலில் ஐயத்துக்குரிய பொருள். ஆபத்தில்லை என்று உறுதியான பிறகே அது ஒருவரின் உடைமை.

உறுதியான பின் அப்பொருள் பதிவேட்டில் ஏறுகிறது. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்து உரியவரை அடையாளம் கண்டு, விமானம் புறப்படுவதற்கு முன்பே புறப்பாட்டு வாயிலில் சேர்ப்பிப்பதும் உண்டு. உரியவர் கிடைக்காதபோது பொருள் விமான நிலைய நிர்வாகத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்குச் செல்கிறது. இந்த நிர்வாகம் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. சென்னை நிலையத்தை நடத்துவது மத்திய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையம். தன் வளாகத்தில் கண்டெடுக்கப்படும் பொருள்களைக் காத்துத் திரும்பக் கொடுப்பதற்கான விதிகளை வகுக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்திருக்கிறது. பெங்களூருவை நடத்துவதோ ஒரு தனி நிறுவனம். ஆகவே மீனம்பாக்கத்தில் விட்டவர் ஆணையத்தின் முனைய மேலாளர் அலுவலகத்தையும், தேவனஹள்ளியில் விட்டவர் அந்நிறுவனத்தின் பிரிவையும் நாடவேண்டும். இரு இடங்களிலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, பொருள் எங்கே விடப்பட்டது என்பதே. விமான இருக்கையிலோ இருக்கையின் மேலுள்ள அறையிலோ விட்டிருந்தால் அது விமான நிறுவனத்தின் பொறுப்பு. எடை போட்டு ஒப்படைத்த பெட்டி வந்து சேராவிட்டால், இறங்கிய நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அந்நிறுவனத்தின் முகப்பில் எழுத்து மூலம் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகைக் காரில் விட்டதைப் படையினரிடம் கேட்பதில் பயனில்லை. தவறான கதவைத் தட்டிச் சோர்ந்துபோவோரே அதிகம் என்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

விட்டுப்போனதற்கும் விட்டுக்கொடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். கத்தரிக்கோல், தீப்பெட்டி போன்ற தடைசெய்யப்பட்டவற்றைச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டுப் பயணி சென்றால், அவை திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கோயிலிலிருந்து நேரே வருவோருக்குத் தேங்காய் ஒரு சிக்கல். காய்ந்த கொப்பரை எண்ணெய்ச் செறிவால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் பன்னாட்டு விதிகளில் ஆபத்தான சரக்காக வகைப்படுத்தப்பட்டுள்ளது. முழுத் தேங்காயையும் கைப்பையில் பொதுவாக அனுமதிப்பதில்லை. சபரிமலைப் பயணிகளின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில் மத்தியப் பணியகம் அப்பருவத்துக்கென விலக்கு அளித்தது. அண்ணாமலையார் கோயில் பிரசாதத் தேங்காய்க்கு அந்த விலக்கு பொருந்தவில்லை.

கண்டெடுத்தவரின் கடமையைப் பற்றி இந்தியச் சட்டம் நெடுங்காலமாகவே தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் கொள்பவரை, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு நிகராக வைக்கிறது. தன் சொந்தப் பொருளுக்கு ஒரு விவேகமுள்ள மனிதர் எவ்வளவு கவனம் காட்டுவாரோ அவ்வளவு கவனத்தை அவர் அதற்கும் காட்டவேண்டும். உரியவரைத் தேடியும் காணமுடியாமல், பொருள் கெட்டுப்போகும் நிலையில் இருந்தாலோ, அதைக் காத்த நியாயமான செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலோ விற்கலாம் என்பது 169-ஆம் பிரிவு. உரியவரைக் கண்டுபிடிக்க வழியிருந்தும் தேடாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் பழைய தண்டனைச் சட்டத்தின் இக்கோட்பாட்டைத் தொடர்கிறது. அடுத்த பயணியின் தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டவர், கிடந்தது எடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

உரிமை இருப்பது ஒன்று, அதை மெய்ப்பிப்பது வேறு. பெரிய கோயில் கோபுர வாசலில் செருப்பு விடுபவர் கையில் டோக்கன் இருக்கிறது. சோதனைத் தட்டில் பொருளை வைத்தவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. எனவே பொருளின் தனி அடையாளமே டோக்கனாகிறது. கறுப்பு நிறக் கைப்பேசி என்ற விவரம் எதையும் மெய்ப்பிக்காது. கைப்பேசிக்கு உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் மெய்ப்பிக்கும். அது வாங்கிய பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதே எண்ணைக் கொண்டு, கிடைக்கும்வரை அக்கருவியைப் பிறர் பயன்படுத்த முடியாதபடி மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கவும் செய்யலாம். மடிக்கணினிக்கு அதன் வரிசை எண்ணும், நகைக்குப் பழைய ஒளிப்படமும், பணப்பைக்கு உள்ளிருக்கும் அட்டைகளின் விவரமும் துணைநிற்கும். இவற்றோடு பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், அடையாள அட்டை, சோதனையைக் கடந்த தோராயமான நேரம் ஆகியவற்றைத் தரவேண்டும். நேரம் துல்லியமாக இருந்தால் கேமராப் பதிவைத் தேடுவது எளிதாகிறது. பெயர் எழுதிய ஒரு சிறு துண்டுச் சீட்டைப் பைக்குள் வைப்பதும் பயனுள்ளதே. புகார் நகரில் வணிகர் தம் பெயரும் அளவும் எடையும் பொறித்த பொதிகளைத் தாழில்லாத வெளியில் குவித்து வைத்திருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், வரும் வழியில் கீழூரில் தம் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மீட்பதற்காகக் கொடுக்கப்பட்ட முகவரிச் சீட்டை உடனே கிழித்தெறிந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. அது துறவியின் தெரிவு. வளைகுடாவில் ஓராண்டு உழைத்து வாங்கிய கைப்பேசியை விட்டுவிட்டவருக்கு அந்தத் தெரிவை யாரும் திணிக்கக்கூடாது. மீட்கும் வழி கடினமாக இருக்கும்போது நடைமுறையில் அதுவே திணிக்கப்படுகிறது. பயணச்சீட்டு இல்லாதவர் முனையத்துக்குள் நுழைய முடியாது என்பதால், முன்கூட்டித் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ பேசாமல் நான்கு மணி நேரம் பேருந்தேறி மீனம்பாக்கம் செல்பவர் வாயிலிலேயே நிற்க நேரிடும். வெளிநாடு சென்றுவிட்டவர், தம் அடையாள அட்டையின் நகலோடு கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் ஒன்றை அனுப்பி, உறவினர் மூலம் பெற்றுக்கொள்ளலாம். உறவினரும் தம் அடையாள அட்டையைக் கொண்டுசெல்ல வேண்டும். கண்டெடுத்த பொருள்களின் பட்டியலைப் பாதுகாப்புப் படை தன் இணையதளத்தில் நிலையம், தேதி வாரியாக வெளியிடுவது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவருக்கே அத்தளம் பயன்படும். போளூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் தம் மகனின் பணப்பையை அதில் தேட முடியாது. தீபத் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் கூடும் நெரிசலில் குழந்தைகளின் கையில் பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் காவல்துறை கட்டிவிடுகிறது. தொலைந்த பின் தேடுவதைவிடத் தொலையும் முன்பே அடையாளம் சேர்க்கும் அந்த அக்கறை, தமிழில் ஓர் அறிவிப்புப் பலகையாகவாவது சோதனை வரிசையின் முடிவில் இருக்கவேண்டும்.

கேட்பாரில்லாமல் எஞ்சுபவற்றை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. ஜப்பானில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு மூன்று மாதத்தில் உரியவர் வராவிட்டால் அது கண்டெடுத்தவரைச் சேரும்; கைப்பேசி போன்று தனிநபர் விவரங்கள் அடங்கியவை மட்டும் விலக்கு. அமெரிக்காவில் சோதனைத் தட்டுகளில் விட்டுப்போன சில்லறைக் காசு 2019 நிதியாண்டில் மட்டும் 9.26 லட்சம் டாலரைத் தாண்டியது. அங்குள்ள சட்டப்படி அது பாதுகாப்புச் செலவுகளுக்கே பயன்படுகிறது. இந்திய நிலையங்களில் உணவுப்பொருள்கள் விரைவில் அழிக்கப்படுகின்றன. மற்றவை குறித்த காலம் காத்திருந்து ஏலத்துக்குப் போகக்கூடும் என்பதால் புகாரைத் தள்ளிப்போடக்கூடாது. அடையாளம் உறுதியான பொருளை, அனுப்பும் செலவை உரியவரே ஏற்கும்போது, விரைவு அஞ்சலில் அவர் ஊருக்கு அனுப்பிவைப்பதை எல்லா நிலையங்களுக்கும் பொதுவான நடைமுறையாக்கினால், அக்காத்திருப்பில் பெரும்பகுதி தேவைப்படாது. முனைய மேலாளர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் குறிப்பிட்டு, அவ்வாறு அனுப்ப இயலுமா என்று கேட்டுப்பார்க்க இன்றைக்கும் தடையில்லை.