இருதயத்துக்குள் ஒரு குழாய்

"ஆஞ்சியோ எடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும், ஊத்தங்கரையானாலும் சென்னையானாலும், வீட்டார் முதலில் கேட்பது, "நெஞ்சைத் திறப்பார்களா?" என்றுதான். திறப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடையின் மேற்பகுதியிலோ சிறு துளையிட்டு, அங்குள்ள தமனி வழியாகச் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீண்ட குழாயை இருதயம்வரை செலுத்துவார்கள். இதற்குக் கதீட்டர் என்று பெயர். துளையிடும் இடம் மரத்துப்போக ஓர் ஊசி போட்டால் போதும். குழாய் உள்ளே நகர்வது நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அவர் விழித்துக்கொண்டே இருப்பார்.

1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம் கைச் சிரையில் 65 செ.மீ. நீளத்துக்குக் குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்தார். (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!) குழாயின் நுனி இருதயத்தில் தெரிந்தது. அவருக்கு அப்போது பாராட்டுக் கிடைக்கவில்லை. 1956-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உள்ளே போன குழாய் என்ன செய்கிறது? இங்கேதான் நமது பௌதிகம் வருகிறது. குழாய் நிறைய உப்புநீர் இருக்கிறது. பாஸ்கல் விதிப்படி, இருதயத்தினுள் உள்ள அழுத்தம் அந்த நீர் வழியாக வெளியே உள்ள மானிக்கு வந்து சேர்கிறது. சுருங்கும்போது இடது கீழறையில் சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தம், வலது கீழறையில் 25 தான். மானி இருதய மட்டத்திலேயே இருக்க வேண்டும். அது 13.6 செ.மீ. தாழ்ந்துவிட்டால் 10 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஏன் 13.6? பாதரசத்தின் அடர்த்தியை நினைவுகூருங்கள்.

இரத்தமும் தசையும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால் தமனி தனியே தெரியாது. எனவே அயோடின் சேர்ந்த மருந்தைக் குழாய் வழியே செலுத்துவார்கள். அயோடினின் அணு எண் 53; அது கதிரை நன்றாகத் தடுக்கும். நிழல் எங்கே மெலிகிறதோ அங்கே அடைப்பு.

அடைப்பு சிறிதென்று அலட்சியம் வேண்டாம். அழுத்த வேறுபாடு மாறாத நிலையில், ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் பாயும் அளவு 16-ல் ஒரு பங்காகிவிடும்! அதே கதீட்டர் வழியே சிறு பலூனை அனுப்பி, ஊதி, அடைப்பை விரிக்கலாம் என்று 1977-ல் சூரிச்சில் க்ரூன்ட்சிக் காட்டினார். நம் நாட்டில் 1986-ல் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் இதைச் செய்தார்.

தமனி முழுதும் அடைபட்டால் இருதயத் தசை நேரம் ஆக ஆகச் சாகிறது. பலூன் வசதியுள்ள மருத்துவமனை தொலைவில் இருந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவதும் உண்டு. ஆகவே நெஞ்சுவலி வந்தவரை, "வாயுவாக இருக்கும்" என்று சொல்லி விடியும்வரை வீட்டில் வைத்திருக்காமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.