உரமிடாத பாத்தி

விஞ்ஞானம் என்றவுடன் நம் அங்கத்தினர் பலருக்குக் கண்ணாடிக் குழாய்களும் ஆய்வுக்கூடமுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், புதிய உரம் வாங்கச் சங்கத்தில் கடன் மனு எழுதும் வேளையில்தான் அதன் தேவை மிகுதி.

"சென்ற போகத்தில் இவ்வுரம் இட்டேன், கண்டுமுதல் கூடியது" என்று விவசாயிகள் என்னிடம் கூறுவதுண்டு. உரமிடாத பாத்தியில் எவ்வளவு கண்டது என்று வினவினால், அப்படி ஒரு பாத்தியே விடப்பட்டிராது. மழை பருவத்தில் பெய்திருக்கலாம்; முன்பு விதைத்த உளுந்து மண்ணுக்கு வளம் சேர்த்திருக்கலாம். புகழ் முழுவதும் உரமூட்டைக்குப் போய்விடுகிறது. கடன் அங்கத்தினர் தலையில் நிற்கிறது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1843ஆம் ஆண்டில் கோதுமை வயல் ஒன்றில் பரிசோதனை தொடங்கினர். ஒரு பகுதிக்குத் தொழுவுரம், வேறு சிலவற்றிற்கு இரசாயன உரங்கள், ஒரு பகுதிக்கு ஒன்றுமேயில்லை. அவ்வெறும் பகுதிக்கு இன்றளவும் உரமிடுவதில்லை. இத்தனைக்கும் லாஸ் உர வியாபாரி; சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க 1842இல் உரிமை பெற்றவர்! தம் சரக்கைத் தாமே சோதிக்கத் துணிந்த வியாபாரிகள் அரியர்.

ஒரே வயலிலும் மேட்டு மூலை ஒருவிதம், வாய்க்காலோரம் ஒருவிதம். நல்ல மூலையைப் புதிய உரத்திற்குக் கொடுக்கவே மனம் நாடும். 1919இல் ரோதம்ஸ்டெட்டில் பணியேற்ற பிஷர் என்னும் கணித அறிஞர் இதற்கு வழி கண்டார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் இட்டுப் பார்க்கவேண்டும். சீட்டுக் குலுக்கல் நமக்குப் புதிதன்றே!

ஆகவே இரண்டு சென்ட் அளவில் எட்டுப் பாத்திகளை ஒதுக்குக. சீட்டெடுத்து நான்கில் மட்டும் புதிய உரம் இடுக. உரநீர் அடுத்த பாத்திக்குக் கசியாதபடி வரப்பு உறுதியாக இருத்தல் அவசியம். மற்ற பணிகளில் வேறுபாடு கூடாது. தனித்தனியே அறுத்து, ஒரே அளவு காயவைத்து எடை போடுக. எது எந்தப் பாத்தி நெல் என்று எடை போடுபவருக்குத் தெரியாதிருப்பது நன்று. நான்குக்கு நான்கு ஒப்பிட்டு, மிகுதி நெல்லின் விலை உரச்செலவை மீறுகிறதா என்று பார்த்தபின் மனு எழுதலாம்.

நெசவாளர்க்கும் இதுவே முறை. புதிய சாயம் வந்தால், ஒரே சிட்டத்து நூலில் பாதியைப் பழைய சாயத்திலும் பாதியைப் புதியதிலும் தோய்க்கவும். ஒவ்வொன்றோடும் வெள்ளை நூல் சேர்த்து முறுக்கி, ஒரே சோப்பு நீரில், தனித்தனிப் பாத்திரத்தில் அலசவும். வெள்ளை நூலில் கறை ஏறுகிறதா என்று பார்க்கலாம். இரண்டிலும் சிறிது எடுத்து ஒரு வாரம் வெயிலில் வைத்து, பெட்டியில் மூடிவைத்த துண்டுகளோடு ஒப்பிடவும். பாவு ஓட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.