தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருதா?

ஜூன் பிறந்தாச்சு. ரிப்பன் வாங்கியாச்சு, ஷூ வாங்கியாச்சு, நோட்டுகளுக்கு பிரவுன் ஷீட் போட்டு லேபிளும் ஒட்டியாச்சு. மகளை கான்வென்ட்டில் படிக்க வைக்கும் வீடுகளில் இந்த மாசம் ஒரே அமர்க்களம்தான்! யூனிஃபார்ம் முழங்காலை மறைக்கிறதா, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியாச்சா, நகம் வெட்டியாச்சா என்று பார்த்துப் பார்த்து அனுப்புவீர்கள். கேட்டில் சிஸ்டர் நிற்பாரே!

சாயங்காலம் வேன் வந்து நின்றதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். பையைத் திறந்தால், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. "ஏண்டி குடிக்கலை?" என்றால், "தாகமே எடுக்கலைம்மா" என்று பதில் வருகிறது.

ஜூன் மாச வெயிலில் தாகம் எடுக்கவில்லையாம்! நம்பாதீர்கள். குடித்தால் 'போக' வேண்டி வரும். பள்ளியில் போகக்கூடாது என்றுதான் அவள் குடிப்பதே இல்லை. வாயைத் திறந்து இதைச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

ஏன் போகக்கூடாதாம்? காரணம் ஒன்றிரண்டு அல்ல. முதலில், இடம் புதுசு. எல்.கே.ஜி. பிளாக்கிலிருந்து பெரிய பிளாக்குக்கு மாறியிருப்பாள், அல்லது வேறு பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்திருப்பாள். டாய்லெட் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தெரிந்தாலும், இடைவேளையில் அங்கே நீண்ட வரிசை. நீங்களே கணக்குப் போடுங்களேன். ஒருத்திக்கு இரண்டு நிமிஷம் என்றால், 15 நிமிஷ இடைவேளையில் ஒரு கழிப்பறைக்கு ஏழு பேர்தான் போய் வர முடியும். பெரிய அக்காக்கள் முன்னால் நின்றால் சின்னவளுக்கு இடம் ஏது? இதற்குள் டிபன் டப்பாவையும் காலி பண்ண வேண்டும்.

அடுத்தது, 'பர்மிஷன்'. கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளிகளுக்கு நம் ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. 1842-லேயே அயர்லாந்திலிருந்து கப்பலேறி சென்னைக்கு வந்தவர்கள் பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள். 1909-ல் ஆரம்பித்த சர்ச் பார்க் கான்வென்ட் அவர்களுடையதுதான். எத்தனையோ தலைமுறைப் பெண்களை முன்னுக்குக் கொண்டுவந்தவை இந்தப் பள்ளிகள். வரிசையில் நடப்பது, பிரேயரில் அசையாமல் நிற்பது, கேட்டுவிட்டுத்தான் வெளியே போவது... இந்த ஒழுங்குக்காகவே மகளை அங்கே சேர்க்கிறோம். நல்லதுதான். ஆனால் கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு, ஐம்பது பேர் நடுவில் எழுந்து "மிஸ், மே ஐ கோ டு த டாய்லெட்?" என்று இங்கிலீஷில் கேட்பது மலையைத் தூக்குகிற மாதிரி. வீட்டில் தமிழே பேசும் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தப்பாகப் பேசி நாலு பேர் சிரிப்பதைவிட அடக்கிக்கொள்வதே மேல் என்று முடிவு கட்டிவிடுவாள்.

அடக்கினால் என்ன ஆகும்? அதைத்தான் அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு தாங்கும் என்பதற்கு டாக்டர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். ஆறு வயசுக் குழந்தை என்றால் சுமார் 240 மில்லி. பெரிய டம்ளரில் ஒரு டம்ளர், அவ்வளவே! காலை ஏழேகாலுக்கு வேனில் ஏறி, மாலை நாலரைக்கு வீடு திரும்புகிற பிள்ளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சிறுநீர் உள்ளேயே தேங்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பெண்பிள்ளைகளுக்கு சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்பிள்ளைகளைவிட ரொம்பக் குட்டை. மலத்துவாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருக்கும் 'ஈ-கோலை' என்ற கிருமி சுலபமாக ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழித்தால் அந்த ஓட்டமே கிருமியை அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால்?

நீர்க்கடுப்பு, எரிச்சல், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி, கெட்ட வாடை. இவைதான் ஆரம்ப அடையாளங்கள். ராத்திரி படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பெண் மறுபடி நனைத்தாலும், ஜட்டி அடிக்கடி ஈரமாக இருந்தாலும் திட்டாதீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, நோயாக இருக்கலாம். குளிர் காய்ச்சல், வாந்தி, இடுப்புக்கு மேலே முதுகில் வலி என்று வந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திரும்பத் திரும்ப இப்படி வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் ஆபத்து இருக்கிறது.

"சூட்டு உடம்பு டாக்டர்" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்துவிட்டு நாலு நாள் பார்ப்பது நம் வழக்கம். இளநீர் தாராளமாகக் கொடுங்கள், அது நீர்தானே! ஆனால் கிருமியை அது கொல்லாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுவது அதைவிட மோசம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீரை 'கல்ச்சர்' டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். லேபில் தரும் சுத்தமான டப்பாவில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டாக்டர் எத்தனை நாள் மாத்திரை எழுதுகிறாரோ அத்தனை நாளும் போட வேண்டும்; எரிச்சல் நின்றதும் நிறுத்தக்கூடாது.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. மலச்சிக்கலும் இதற்குக் கூட்டாளி! நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். முழுசாகக் காலியாக விடாது. காலையில் ஆறரைக்கு எழுப்பி, பல் தேய்த்து, பாதி இட்லியோடு வேனில் ஏற்றினால் அந்தப் பெண் எப்போது போவாள்? சாப்பிட்ட பிறகுதான் குடல் அசைந்து கொடுக்கும். ஆகவே அரை மணி முன்னதாக எழுப்புங்கள். டிபன் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் அவசரமில்லாமல் உட்காரட்டும். "வேன் வந்திருச்சு, வேன் வந்திருச்சு" என்று கதவைத் தட்டாதீர்கள்!

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மகளிடம் பேசிவிடுங்கள். டாய்லெட் எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கதைபோலக் கேளுங்கள். அந்த ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை வீட்டில் பத்து தடவை சொல்லிப் பழக்குங்கள். அப்பா மிஸ்ஸாக நடிக்கட்டுமே! வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி போனால் முழுசாக வராது என்று சொல்லுங்கள். அருவருப்பாக இருந்தால் டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டு உட்காரலாம். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்தான் கை போக வேண்டும். வெறும் தண்ணீர் போதும், சோப்பும் டெட்டாலும் அங்கே வேண்டவே வேண்டாம். உள்ளே பருத்தி ஜட்டி, அதன்மேல் இறுக்கமில்லாத ஷார்ட்ஸ்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? எட்டு வயது வரை நாள் முழுக்க ஒரு லிட்டருக்குக் குறையாமல், பத்து வயதுக்கு மேல் ஒன்றரை லிட்டர், வெயிலில் விளையாடினால் இன்னும் கொஞ்சம். சிறுநீர் வெளிறிய மஞ்சளில் இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். சாயங்காலத் தலைவலிக்குக் கண்ணாடி போட வேண்டுமோ என்று ஓடுவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பெண் என்றால் இதோடு முடியாது. முதல் மாதவிலக்கு வகுப்பறையிலேயே வந்துவிடலாம். பல கான்வென்ட்டுகளில் வாரத்தில் ஒரு நாளாவது வெள்ளை யூனிஃபார்ம் உண்டு. அதில் கறை பட்டால் என்ற பயத்திலேயே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பெரியவளாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சின்ன ஜிப் பையில் இரண்டு நாப்கின், ஒரு ஜட்டி, சுற்றிப் போட பழைய பேப்பர். இதைப் புத்தகப் பையின் உள் அறையில் வையுங்கள். நாப்கினை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். காலையில் வைத்ததோடு மாலை வரை இருந்தால் அரிப்பும் புண்ணும் வரும். "சிக் ரூமுக்குப் போகணும் மிஸ்" என்றாலே எந்த டீச்சருக்கும் புரிந்துவிடும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று தைரியம் கொடுங்கள். சடங்கு சுற்றுகிறோம் என்று பள்ளி திறந்த மாசத்திலேயே இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைப்பது... வேண்டாமே!

பள்ளியிலும் பேசலாம். சிஸ்டரிடம் போய் இதைப் பற்றியெல்லாம் எப்படிப் பேசுவது என்று நமக்கு ஒரு தயக்கம். எத்தனை பெண்பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அவர்கள், அவர்களுக்கா புரியாது? தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' 2019-ல் கேரளப் பள்ளிகளில் அடிக்க ஆரம்பித்தது. 2025-ல் தமிழக அரசும் பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளியில் அடிக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். குடிக்க பெல் அடித்தால் போய்வரவும் இரண்டு நிமிஷம் வேண்டும், அதையும் சேர்த்தே கேளுங்கள். ஏற்கெனவே நீர்க்கடுப்பு வந்த பெண் என்றால் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி, "நினைத்தபோது வெளியே அனுப்பவும்" என்று ஸ்கூல் டைரியில் ஒட்டி கிளாஸ் மிஸ்ஸிடம் நேரிலேயே காட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் அவள் எழுந்து நின்று கேட்கக்கூட வேண்டாம், டைரியைக் கையில் எடுத்தாலே போதும்.