மணி ஏன் மண்ணைத் தோண்டுகிறது?

ஏர்வாடிக் கடற்கரையில் ஒரு சிறுமி என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, நான் நட்ட மாங்கன்றைச் சுத்தி எங்க மணி தோண்டித் தோண்டிப் போடுது. நாய் ஏன் மாமா மண்ணைத் தோண்டுது?" என்று கேட்டாள்.

மணியை அடிக்கக் கம்பைத் தேடாமல் 'ஏன்' என்று கேட்டாள் பாருங்கள். சபாஷ்! உங்களுக்கும் அந்த ஆசை இருக்கிறதல்லவா? வாருங்கள், சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

நண்பகலில் நம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறீர்களா? பொரிகடலைச் சட்டி மாதிரி சுடும். அதே இடத்தில் ஒரு முழம் தோண்டிக் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கும். மேல் மணல் வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. சூடு அடிவரை எளிதில் இறங்குவதில்லை. அடியில் ஈரமும் இருக்கிறது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். அதனால் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குகிறது. அதுவும் போதாதபோது குழி பறித்து, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. புரிந்ததா?

வேறு காரணங்களும் உண்டு. வளைக்குள் நண்டோ எலியோ இருந்தால் மூக்கு சொல்லிவிடும். கால் உடனே தோண்டத் தொடங்கும். மிச்சத் தீனியைப் புதைத்து வைப்பதும் ஒரு பழைய வழக்கம். நாளெல்லாம் கட்டிப்போட்டால், சலிப்பிலும் தோண்டும்.

தோண்டுகிற செல்லப்பிராணி நாய் மட்டும்தானா? மேல்நாடுகளில் ஃபெரட் என்று ஒன்றை வளர்க்கிறார்கள். பார்த்தால் நம் கீரி மாதிரி நீளமாக இருக்கும். ஆனால் அது நீர்நாய்க்குச் சொந்தம். முயல் வளைக்குள் நுழைந்து முயலை விரட்டுவதற்காகவே மனிதர்கள் அதை ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். அப்படிப்பட்டது வீட்டுக்குள் சும்மா இருக்குமா? பூந்தொட்டியைக் கிளறும். தண்ணீர்க் கிண்ணத்தைக்கூடப் பிறாண்டிக் கவிழ்க்கும்!

வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு பெட்டியில் மண்ணையோ சின்னப் பந்துகளையோ நிரப்பி, "இது உன் இடம், ஆசை தீரத் தோண்டு" என்று விட்டுவிடுகிறார்கள். பூந்தொட்டி தப்பிக்கிறது.

இன்னும் ஒரு செய்தி. 1971இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மிக நீளமான குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஃபெலிசியா என்ற குட்டி ஃபெரட்டின் மேல் ஒரு நூலைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார்கள். பட்டம் நூலை இழுத்துக்கொண்டு வானத்தில் ஏறுமே, அப்படி நூலோடு ஓடி மறுமுனையில் எட்டிப் பார்த்தது. அந்த நூலைக் கொண்டு துடைக்கும் பஞ்சை இழுத்துக்கொண்டார்கள். வளைக்குள் நுழையும் குணம் அங்கே விஞ்ஞானிகளுக்கே கைகொடுத்தது.

சரி, நம் மணிக்கு வருவோம்.

முதலில் கவனியுங்கள். எப்போது தோண்டுகிறது, எங்கே தோண்டுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். உச்சி வெயிலில் நிழலில் தோண்டினால் சூடு. சுவரோரம் மோப்பம் பிடித்தபடி தோண்டினால் எலி. தனியாக இருக்கும்போது தோண்டினால் சலிப்பு.

அடுத்து, வேப்பமர நிழலில் மணிக்கென்று ஒரு குழி ஒதுக்குங்கள். மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அதற்குப் பிடித்த பந்தை உள்ளே புதைத்து வையுங்கள். அங்கே தோண்டினால் தட்டிக் கொடுங்கள். மாங்கன்றைச் சுற்றித் தட்டைக் கற்களை அடுக்குங்கள். பக்கத்தில் கனமான மண்சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் மணியோடு ஓடி விளையாடுங்கள்.

அடிக்கவே வேண்டாம். பள்ளிக்கூட மணி அடித்த அந்த நொடியில் பையைத் தூக்குகிறீர்கள். மணிச் சத்தம் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் எதற்கென்று புரியுமா? நாய்க்கும் அப்படித்தான். காலையில் தோண்டியதற்கு மதியம் அடித்தால், எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. உங்களைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை, இரவில் பங்குனி ஆமைகள் மன்னார் வளைகுடாவிலிருந்து கரையேறும். அவையும் குழி தோண்டும்! சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாய்க்குக் குளிர்ச்சி தரும் அதே அடிமணல், முட்டைகளை இரவும் பகலும் ஒரே சீரான கதகதப்பில் காக்கிறது. ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளியே வரும்.

ஆனால் நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டால், அத்தனை முட்டையும் போய்விடும். ஆகவே அந்த மாதங்களில் இரவில் மணி வீட்டிலேயே இருக்கட்டும். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். மணலில் ஆமைத் தடம் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் வனத்துறைக்குத் தெரிவிப்பார்கள்.

மணியும் தோண்டட்டும், ஆமையும் தோண்டட்டும். ஆளுக்கொரு இடம் இருந்தால் போதும். மணியின் குழியை இன்றைக்கே வெட்டத் தொடங்குவோமா? அந்த நோட்டையும் மறக்காதீர்கள்; அடுத்த முறை வரும்போது மாமா வாங்கிப் பார்ப்பேன்!