எத்தனை பேர் ஏறலாம்?

ரந்தாவ், சிலியாவ், லாபு, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடல் தூரமில்லை. செம்பனைக் காட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போர்ட்டிக்சன் வந்துவிடும். ஆனாலும் நம் ஆட்கள் பலர் படகில் ஏறுவது வாழ்க்கையில் இரண்டு மூன்று முறைதான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு சுற்று. வீட்டில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்து, அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டி வரும்போது இன்னொரு சுற்று. அந்த இரண்டாவது பயணத்தில் யாருக்கும் கேள்வி கேட்க மனம் இருக்காது. மடியில் கலயம், கண்ணில் தண்ணீர். படகுக்காரர் கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பயணத்தை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வாடகைப் படகு என்றால் என்ன? ஃபெரிக்கு நேரம் உண்டு, வழி உண்டு, தலைக்கு ஒரு டிக்கெட் உண்டு. வாடகைப் படகை முழுசாக எடுக்கிறோம். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை நாமும் படகோட்டியும் பேசிக்கொள்கிறோம். படகோட்டியை மலாயில் தெகோங் என்பார்கள். நம்மவர்களும் அப்படியே சொல்கிறார்கள். கூலி படகுக்கு, தலைக்கு அல்ல. ஆபத்து தொடங்குவதே இங்கேதான். எட்டுப் பேர் போனாலும் பன்னிரண்டு பேர் போனாலும் அதே வெள்ளிதான் என்றால், ‘மாமாவும் வரட்டும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்’ என்று நாமே சொல்வோம். கூட ஏறுகிற ஒவ்வொரு ஆளும் நம் பங்குச் செலவைக் குறைப்பது போலத் தோன்றும். படகில் ஆள் மிஞ்சினால் பழியைப் படகுக்காரர் மேல் போடுகிறோம். பாதி நேரம் ஏற்றிவிடுவது நாம்தான்.

படகு எப்படிக் கவிழ்கிறது என்று தெரிந்துகொள்ள, தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர்ப் பால் வாளி சுமந்த யாரையாவது கேட்டால் போதும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கும் வரை எவ்வளவு கனமாக இருந்தாலும் நடக்கலாம். ஒரு வாளி கூடிப்போனால் தோள் இழுக்கும். வாளி நிறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி நிறைந்த வாளியில் பால் அலம்பும், நடை ஒரு பக்கம் போனால் பாலும் அந்தப் பக்கம் ஓடிவந்து இன்னும் தள்ளும். படகின் அடியில் தேங்கும் தண்ணீர் செய்வது இதே வேலைதான். லேசாகச் சாய்ந்தால் தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடும், சாய்வு அதிகமாகும், இன்னும் ஓடும். கணுக்கால் அளவு தண்ணீர் என்று அலட்சியமாக இருக்க முடியாது. மனித எடையும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் ஆள் படகைக் கீழே பிடித்து வைக்கிறார். அவரே எழுந்து நின்றால் அந்த எடை மேலே ஏறிப் படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது. ஒருவருக்குக் குறைந்தது 75 கிலோ என்று அனைத்துலகக் கப்பல் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் நான்கு பேர் என்றால் 300 கிலோ, அதுவும் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வரும் 300 கிலோ.

கேரளத்தின் தேக்கடியில் நடந்தது இதுதான். 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தளப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதைப் பலரும் சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் இன்னொரு 22 பேர், பலர் குழந்தைகள். இவற்றுள் எதிலும் புயல் இல்லை.

அஸ்தி கரைக்கும் நேரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். கலயத்தை ஒருவர் இறக்குகிறார். பூப் போட வேண்டும், பால் ஊற்ற வேண்டும், கடைசியாக ஒருமுறை கும்பிட வேண்டும். எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் வருகிறோம். துக்கத்தில் செய்கிற காரியம் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். தேக்கடியில் படகைச் சாய்த்த அதே அசைவுதான் இது.

நம் தாத்தா பாட்டிமார் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தபோது எத்தனை பேர் என்று கேட்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. 1926-இல் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா கப்பல் ஆரம்பத்தில் டெக்கில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது 1970-கள் வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்ட முடியாமல் கடலிலேயே நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பல் ஏணியைப் பிடித்ததுதான் நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் கடல் அனுபவம். யார் ஏற்றினார்களோ அவர்கள் எண்ணினார்கள், ஏறியவர்கள் எண்ணவில்லை. இன்று காசு கொடுப்பது நாம். எண்ண வேண்டியவர்களும் நாம்தான்.

போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்றால் மலாக்கா நீரிணை அமைதியான குளம் போலத் தெரியும். பக்கத்திலுள்ள தஞ்சோங் துவான் முனையில் மேலேறி, 1863-இல் எழுப்பிய கலங்கரை விளக்கத்தின் அருகில் நின்று பார்த்தால்தான் அதன் உண்மை முகம் தெரியும். எதிர்க்கரையில் சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு இங்கிருந்து சுமார் 38 கிலோமீட்டர்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி இந்த முனையில் வந்து கரையேறுவதும் இந்தக் குறுகலால்தான். இந்த நீரிணை வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போகின்றன. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் போர்ட்டிக்சனிலேயே இருப்பதால் டேங்கர் கப்பல்கள் கரைக்குப் பக்கத்திலும் வந்து நிற்கும்.

பெரிய கப்பல் நம்மைப் பார்த்து விலகிப் போகும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. நிறை எடையோடு வரும் டேங்கர் நிற்க வேண்டுமானால் பல கிலோமீட்டர் வேண்டும். அதன் மூக்குக்கு முன்னால் ஒரு பகுதி மேலே நிற்கும் மாலுமியின் கண்ணுக்கே தெரியாது. இந்த மறைவு 500 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அதாவது அரைக் கிலோமீட்டருக்குள் நம் படகு இருந்தால் அவருக்கு நாம் இல்லாமலே இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு அனைத்துலக மோதல் தடுப்பு விதிகளும், குறுகிய கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைந்த படகுதான் பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் தரக் கூடாது என்கின்றன. தூரத்தில் போய்விட்ட கப்பல்கூட ஒரு அலையை விட்டுப்போகும். அது பக்கவாட்டில் வந்து இடித்தால் சின்னப் படகு ஆடும். படகின் மூக்கை அந்த அலைக்கு நேராகத் திருப்புவது தெகோங்கின் வேலை, அந்த நேரம் உட்கார்ந்திருப்பது நம் வேலை.

அப்புறம் காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் புயல்வரிசை மேற்கிலிருந்து வரும். கறுப்புச் சுவர் போல மேகம் தெரிந்து கொஞ்ச நேரத்திலேயே பலத்த காற்றும் மழையும் அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அஸ்தி கரைப்பதை அதிகாலையிலேயே முடிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேற்கே கறுத்திருந்தால் காத்திருங்கள். ஒன்றிரண்டு மணி தாமதித்தால் சாங்கியம் கெட்டுவிடாது.

கூலிக்கு ஆள் ஏற்றும் படகுக்கு மலேசியக் கடல்துறை இலாகாவின் உரிமம் வேண்டும். எத்தனை பயணிகள் என்பது அதில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல தெகோங் முகம் சுளிக்காமல் காட்டுவார். மடியில் இருக்கும் பிள்ளையும் ஓர் ஆள்தான். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று ஜெட்டியிலேயே பாருங்கள். இருக்கைக்கு அடியில் கட்டி வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது; வேட்டி, சேலைக்கு மேலேயே போட்டுக் கொக்கியை மாட்டிவிட வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நம் மூத்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஜெட்டிக்கும் ஓர் அளவு உண்டு. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெரி முனையம் கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்ததைப் பினாங்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மக்கள் அப்போது படகில் ஏறியிருக்கவே இல்லை, திருவிழா நாளில் காத்துக்கொண்டிருந்தார்கள். மரப்பலகை ஜெட்டியில் குடும்பமே ஒன்றாகப் போய் நிற்காமல், ஏறுபவர்கள் மட்டும் போனால் போதும். நீர் வற்றிய நேரத்தில் படகு ஜெட்டிக்கு வெகு கீழே இருக்கும். பாட்டிமாரை இறக்குவது சிரமம். நீர் எப்போது ஏறும் என்று முந்தின நாளே தெகோங்கிடம் கேட்டுவிடுங்கள். கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நேரம் தப்பினால் அவர் 999-ஐ அழைக்கட்டும். கடலில் ஆபத்து என்று சொன்னால் கடல்சார் அமலாக்க நிறுவனம் வரை தகவல் போகும்.

கரைக்கும் இடம் வந்ததும் தெகோங் இயந்திரத்தை நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். விசிறி சுற்றும்போது யாரும் நீரில் கைவிடக் கூடாது. காற்று போகும் பக்கமாகக் கலயத்தைத் தாழ்த்தி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் திரும்ப முகத்தில் வரும். கொள்ளி வைத்தவரும் அவரைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரும் விளிம்புக்குப் போகட்டும். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூவைக் கை மாற்றிக் கொடுக்கலாம். பதினான்கு பேர் வந்து, படகுக்கு எட்டுதான் அனுமதி என்றால் ஆறு பேர் கரையில் இருங்கள். மரத்தடியில் நின்று பார்த்தாலும் படகு நிற்கும் இடம் நன்றாகத் தெரியும்.